வள்ளுவருக்கும் பெலேவுக்கும் நடுவே ஒரு திடல்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை அறியாத தமிழர் அரிது. 1991-இல் நிறுவப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. அதே அல்சூர் வட்டாரத்தின் கௌதமபுரத்தில் இன்னொரு சிலை உண்டு. அது கால்பந்து வீரர் பெலேயின் சிலை. தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழும் அப்பகுதியை நகரத்தார் 'மினி பிரேசில்' என்று அழைப்பதுண்டு. வள்ளுவர் சிலைக்காக மாநிலங்களுக்கு இடையே பேச்சு நடந்தது. பெலேயைப் பார்த்து வளரும் சிறுவர்கள் பந்து உதைக்க எங்கே போகிறார்கள் என்ற கேள்வியை எழுப்புவோரோ மிகக் குறைவு.

அச்சிறுவர்களுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. படைவீட்டில் ஆங்கிலேயர் ஆடிய ஆட்டத்தைத் தண்டுப் பகுதியின் எளிய குடும்பங்கள் தமதாக்கிக்கொண்டன. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்நகரத்தவர். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்ற அருமைநாயகமும் இந்நகரத்தவரே. 1948 அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். காலணி இல்லாமலும் அத்தலைமுறை ஆட்டக்காரர்களை உருவாக்கியது. திடல் இல்லாமல் எந்தத் தலைமுறையாலும் அது இயலாது.

விளையாட்டுக்குப் பெங்களூரு இடம் ஒதுக்கவில்லை என்று கூற முடியாது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆயிற்று. சூளை ஏரி கால்பந்து அரங்கமாகவும், அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாகவும் மாறின. ஆனால் அரங்கம் வேறு, திடல் வேறு. அரங்கத்துக்குள் நுழைய அனுமதியோ சீட்டோ வேண்டும். திடலுக்குப் பள்ளி விட்டதும் ஒரு பந்தோடு ஓடினால் போதும். நகரம் முன்னதைக் கட்டிப் பெருமை கொண்டது. பின்னதைக் காக்கத் தவறியது.

ஒரு திடல் அழிவதற்கு அங்கே கட்டடம் எழும்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. முதலில் சுற்றிலும் கம்பிவேலி வரும். அடுத்து நடைபாதை, புல்வெளி, உடற்பயிற்சிக் கருவிகள், இறுதியில் பூட்டு. 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை அதை நிறைவு செய்யும். அரசுக் கோப்பில் அது மேம்பாட்டுப் பணி. தெருப் பிள்ளைகளுக்கு அது வெளியேற்றம். அவர்களுக்கு எஞ்சுவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் தனியார் செயற்கைப்புல் திடல். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்கும் இடத்தில் கூலித் தொழிலாளியின் மகன் என்ன செய்வான்?

இதைத் தடுத்திருக்க வேண்டியவர் வார்டு உறுப்பினர். அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணை, பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நகராட்சி அமைப்புகளுக்குரிய பணிகளில் சேர்த்தது. அதே திருத்தம், மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் விதித்தது. பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அம்மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் நாள் முடிந்தது. அதன்பின் வார்டுகளின் எண்ணிக்கை 198-இலிருந்து 243 ஆகி, மீண்டும் 225 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. எல்லைகள் மாறின, பெயர்ப்பலகைகள் மாறின. அந்த ஐந்து ஆண்டுகளிலும் தேர்தல் மட்டும் நடக்கவில்லை. 2020-இல் பதின்மூன்று வயதாக இருந்த சிறுவன், தன் தெருவுக்கென ஒரு பிரதிநிதியைக் காணாமலேயே பதினெட்டு வயதை எட்டிவிட்டான்.

சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறாரே என்று வாதிடலாம். ஒரு தொகுதிக்குள் பல வார்டுகள் அடங்கும். அவருடைய அரசியல் மேம்பாலத்திலும் சாலையிலும் அளக்கப்படுகிறது. ஒரு சந்தின் முனையிலுள்ள திடலின் பூட்டு அவர் கண்ணில் படுவதில்லை. அதிகாரியோ அடுத்த மாற்றல் ஆணை வரும்வரை இருப்பவர். காலை நடைக்கு வரும் பெரியவர்களுக்குச் சங்கம் உண்டு, வாக்கு உண்டு, அலுவலகம் சென்று மனுக் கொடுக்க நேரமும் உண்டு. அவர்களுடைய தேவையும் நியாயமானதே. சிறுவர்களுக்கோ இம்மூன்றும் இல்லை. இருதரப்பையும் அழைத்து, 'காலை உங்களுக்கு, மாலை அவர்களுக்கு' என்று தீர்த்துவைக்கத் தெருவை அறிந்த ஒருவர் வேண்டும். அந்த நாற்காலிதான் காலியாகக் கிடந்தது.

சட்டம் துணை நிற்கவில்லையா? நிற்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கக் கர்நாடகம் 1985-இலேயே சட்டம் இயற்றியது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவ்வழக்கை நடத்தியவர்கள் வசதியான குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். உச்ச நீதிமன்றம் வரை செல்லும் பொருளும் பொறுமையும் எல்லாத் தெருக்களுக்கும் வாய்ப்பதில்லை. அப்படி வாய்க்காதவர்களுக்காகவே உள்ளாட்சி என்ற ஏற்பாடு தோன்றியது.

இதில் பெங்களூருத் தமிழ் அமைப்புகளின் பொறுப்பும் சிறிதன்று. சிலைக்காகப் பதினெட்டு ஆண்டுகள் குரல் கொடுத்தது தவறில்லை. அது தன்மானத்தைப் பற்றியது. ஆனால் அல்சூர் வட்டாரத்திலேயே வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1873-இல் பள்ளி தொடங்கிய ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் அறக்கட்டளைப் பெயரில், ஏரிக்கு அருகே இன்றும் ஒரு மைதானம் இருக்கிறது. முன்னோர் சிலைகளோடு நில்லாமல் பள்ளியும் திடலும் விட்டுச் சென்றனர்.

இனி வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்க வேண்டியவை மூன்று. இந்த வார்டில் எத்தனை திடல்கள் உள்ளன? அவற்றின் சாவி யாரிடம் உள்ளது? மாலை நான்கு மணிக்கு அவை திறந்திருக்குமா? இக்கேள்விகளைத் தமிழர் தனியே கேட்கவும் வேண்டியதில்லை. கன்னடமும் உருதும் தெலுங்கும் பேசும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளும் அதே வேலிக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.