ஓடுவதற்கு எதற்குத் துப்பாக்கி?

வூகான் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கொரோனாதானே. எனக்கும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் சாமளாபுரத்தில் தறிகள் நின்றுபோய், காதில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸப்பில் ஒன்று சுற்றியது. முந்தின அக்டோபரில் வூகானில் ஏதோ ராணுவ விளையாட்டு நடந்ததாம், அதற்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள்தான் கிருமியை விட்டுட்டுப் போனார்களாம். அமெரிக்க ராணுவம் கொண்டுவந்திருக்கலாம் என்று சீன வெளியுறவுத் துறைப் பேச்சாளர் ஒருவரே அந்த மார்ச்சில் ட்விட்டரில் கொளுத்திப்போட்டிருந்தார். ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை.

ராணுவத்துக்குன்னு தனியா ஒரு ஒலிம்பிக்ஸா என்று அப்போதுதான் தேடினேன். இருக்கிறது. சர்வதேச ராணுவ விளையாட்டு மன்றம் 1948இல் தொடங்கியது. அதன் உலக விளையாட்டுகள் 1995இல் ரோமில் ஆரம்பித்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கின்றன. 2007இல் நம் ஹைதராபாத்திலேயே நடந்திருக்கிறது. ‘விளையாட்டின் வழியே நட்பு’ என்பது முழக்கம். வூகானில் அந்த நட்பு எப்படி இருந்ததென்றால், காட்டுக்குள் வரைபடம் பார்த்து ஓடும் ஓரியன்டியரிங் போட்டியில் சீன வீரர்களுக்கு ரகசியப் பாதைகளும் அடையாளங்களும் போட்டுவைத்திருந்தது அம்பலமாகி, அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

அதே வூகானில்தான் நம் கும்பகோணத்துக்காரர் ஆனந்தன் குணசேகரன், மாற்றுத்திறனாளிகளுக்கான 100, 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். 2008இல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை இழந்த சிப்பாய். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு திரும்ப ஓட வந்தவர். எங்கள் குழுவில் அவரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. கிருமிக் கதை வந்தது.

அந்த மனிதரை வணங்குகிறேன். என் கோபம் வேறு. நம் ஊரில் ஓட்டத்துக்குக் கேட்கப்படும் நுழைவுக் கட்டணம் பற்றியது.

சாமளாபுரம் குளத்துக் கரையில் விடிகாலை அஞ்சு மணிக்குப் பசங்கள் ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். யாரும் ஓட்டத்துக்காக ஓடவில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஆள்சேர்ப்பு முகாமில் முழு மதிப்பெண். அதைத் தாண்டி ஒரு அடி ஓட எங்களுக்குக் காரணமே இல்லை. கோச் கிடையாது, கைக்கடிகாரம் ஒன்றுதான். “செலக்சன் ஆயிட்டா சோத்துக்குக் கவலை இல்லைடா சாமி” என்பார் அப்பா. காடாத் துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் விசைத்தறிக்காரர் வேறென்ன சொல்வார்? நான் முகாமில் தோற்றேன். அன்றோடு ஓடுவதை விட்டேன். கூட ஓடியவர்களும் அப்படித்தான், ஒன்று யூனிஃபார்ம், இல்லையென்றால் பனியன் கம்பெனி.

“ராணுவம் இல்லைன்னா மில்கா சிங் ஏது?” என்பீர்கள். சரியான கேள்வி. பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த மில்காவை ஓட வைத்தது ராணுவம்தான். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972இல் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கினார், அவரும் ராணுவத்துக் குத்துச்சண்டைக்காரர். ராணுவம் சோறு போட்டது, பயிற்சி கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலைப் பெருமையாக வாசிக்கிறோமே, இது ராணுவத்தின் சாதனைப் பட்டியலா, மற்ற அத்தனை பேரும் கைவிட்டதன் பட்டியலா? முட்டை, பால், ஷூ, பிசியோ எல்லாம் வேண்டுமென்றால் முதலில் சாகத் தயார் என்று கையெழுத்துப் போடு என்று ஏழை வீட்டுப் பையனிடம் மட்டும்தானே கேட்கிறோம்?

பிரேசிலில் இதே கதை தலைகீழாக நடந்தது. 2011இல் ரியோவில் ராணுவ விளையாட்டை நடத்துவதற்கு முன்பே, தேர்ந்த வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தற்காலிக சார்ஜென்ட் ஆக்கினார்கள். பதக்கப் பட்டியலில் பிரேசில் முதலிடம். 2016 ஒலிம்பிக்கில் அவர்களில் பலர் மேடையில் சல்யூட் அடித்தார்கள். சம்பளம் தந்த கைக்கு அந்த சல்யூட். தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்தக் கை ஏன் விளையாட்டுத் துறையின் கையாக இல்லை என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். எங்களில் வேகமாக ஓடியவள் ஒரு பெண். பள்ளி விளையாட்டு விழாவில் பசங்கள் எல்லாரையும் விட்டுவிட்டுப் போவாள். அவளுக்குக் குளத்துக் கரையில் இடமில்லை. ஏனென்றால் அந்த ஓட்டத்தின் முடிவில் அவளுக்குக் கதவே கிடையாது. சிப்பாய் மட்டத்தில் பெண்களை, அதுவும் ராணுவப் போலீசுக்கு மட்டும், எடுக்க ஆரம்பித்ததே 2019இல்தான். பத்தாவதோடு அவள் கம்பெனி வேனில் ஏறினாள். இப்போது செக்கிங் செக்சனில் பீஸ் பார்க்கிறாள். பசங்களுக்கு இருந்த கதவும் 2022இல் அக்னிபத் வந்தபின் சுருங்கிவிட்டது. நான்கு வருடம், அதற்குப்பின் நிற்பவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்.

“அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்குங்களே” என்று ஒரு அண்ணன் சொன்னார். இருக்குங்க அண்ணா. அது பதக்கத்தோடு வருகிறவனுக்கு. பதக்கத்துக்கு முந்தின எட்டு வருடச் சோற்றை யார் போடுவது?

ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பனியனும் டீ-ஷர்ட்டும் ஏற்றுமதி செய்கிற வட்டாரம் இது. உலகம் ஓடுவதற்கான துணியைத் தைத்து அனுப்புகிறோம். பேரூராட்சிக்கு ஒரு ஓடுபாதை, சம்பளத்தோடு ஒரு கோச், பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு இரண்டு முட்டை. ஆணுக்கும் பெண்ணுக்கும். அரசும் முதலாளிகளும் சேர்ந்தால் ஆகாத காரியமா?

அதற்குப் பிறகும் ஒருவன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றால் போகட்டும், மாலை போட்டு அனுப்புவோம். ஓட ஆசைப்பட்ட ஒரே குற்றத்துக்காக எவனும் போக வேண்டாம்.