பட்டியலை எழுதுவது யார்?

அமெரிக்காக்காரன் எவனை அதிபராக்கினால் நமக்கென்ன, சேரியில் ஆயிரம் பிரச்சினை கிடக்கும்போது இதுக்கு ஒரு தலையங்கமா என்று தோழர்கள் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் அது ஏகாதிபத்தியத்தின் நாற்காலிதான் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்த நாற்காலிக்குப் போட்டியிடப் போகிறவரை முன்கூட்டியே பொறுக்கியெடுக்கிற ஒரு அறை இருக்கிறது. அந்த அறைக்குள் நுழைவதற்காகவே கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக அடி வாங்கியிருக்கிறார்கள். தனித்தொகுதிகளில் நம் பெயரால் நிறுத்தப்படும் வேட்பாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நமக்கு, அந்தச் சண்டையில் படிக்க நிறைய இருக்கிறது.

அங்கே பொதுத்தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில். ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வேட்பாளர் யார் என்பது அதற்குப் பல மாதம் முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடும். மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்கள் கூடி இன்னாருக்கு இத்தனை பிரதிநிதிகள் என்று தீர்மானிக்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் கோடையில் கூடும் தேசிய மாநாட்டில் வேட்பாளரை அறிவிக்கிறார்கள். பிரதிநிதிகளைப் பங்கிட இரண்டு வழி உண்டு. ஒன்று 'பிரைமரி'. சாதாரணத் தேர்தல் மாதிரியே சாவடிக்குப் போய் மறைவாக ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் வழக்கம். இன்னொன்று 'காக்கஸ்'. இதைக் கட்சியே நடத்தும். ஆட்கள் ஓரிடத்தில் கூடி, பேசி, முடிவெடுக்கிற ஏற்பாடு.

காக்கஸ் என்றதும் எல்லோரும் சொல்வது அயோவா மாநிலத்தை. மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த விவசாய மாநிலம். 1972இல் தொடங்கி 2020 வரை ஜனநாயகக் கட்சியின் முதல் கூட்டங்கள் அங்கேதான் நடந்தன. குளிர்காலத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு, 1600க்கும் மேற்பட்ட வட்டாரங்களில், பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் சனங்கள் கூடுவார்கள். இந்த வேட்பாளருக்கு இந்த மூலை, அந்த வேட்பாளருக்கு அந்த மூலை என்று பிரிந்து நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். வழக்கமாக, வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும். அந்த மூலையில் நின்றவர்களை மற்ற மூலைக்காரர்கள் 'இந்தப் பக்கம் வாங்க' என்று இழுப்பார்கள். பிறகு மறுபடி எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைப்படி மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகள். அங்கிருந்து மாநில மாநாடு, தேசிய மாநாடு என்று படி ஏறும். குடியரசுக் கட்சிக்காரர்கள் அதே அயோவாவில் பேச்செல்லாம் முடிந்தபிறகு துண்டுச் சீட்டில் எழுதி மறைவாகப் போடுகிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு அரசியல் பேசி முடிவெடுப்பது நல்ல ஜனநாயகம் இல்லையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மாலை ஏழு மணிக்கு யாரால் வர முடியும்? இரவு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியால் முடியாது. கைக்குழந்தைக்காரி, நடக்கமுடியாத கிழவர், இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டுகிறவர் யாராலும் முடியாது. 2008இல் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் படுக்கை விரிக்கிற, பாத்திரம் கழுவுகிற தொழிலாளிகளுக்காக வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்பது இடங்களில் காக்கஸ் கூட்ட ஏற்பாடானது. அதுகூடப் பொறுக்காமல் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தடை தரவில்லை, கூட்டம் நடந்தது.

நேரத்தைவிடப் பெரிய விசயம் மறைவு. நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி சொல்லக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கே அத்தனை மறைவு வேண்டியிருக்கிறது. வேலை கொடுத்தவன், வீட்டை வாடகைக்கு விட்டவன், கடன் கொடுத்தவன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் எந்த மூலையில் போய் நிற்பார்? பண்ணையார் எதிரே கையைத் தூக்கச் சொன்னால் எந்தப் பக்கம் கை தூக்குவோம் என்பதை நம் பாட்டன் பூட்டன் சொல்லாமலே நமக்குத் தெரியும்.

காக்கஸின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வருகிற கூட்டம் குறைவு. முப்பது லட்சம் பேர் வாழும் அயோவாவில் 2024 சனவரியில் குடியரசுக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர்தான். அதனாலேயே கட்டுக்கோப்பான சிறு கூட்டம் பெரிய கூட்டத்தை வீழ்த்த முடிகிறது. 1988இல் ஜெஸ்ஸி ஜாக்சன் மிச்சிகன் காக்கஸில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி முன்னணி வேட்பாளரைப் பின்னுக்குத் தள்ளினார். 2008 சனவரி 3 அன்று, நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வெள்ளையரான அயோவாவில் பாரக் ஒபாமா ஜெயித்தார். வீடு வீடாக ஏறி இறங்கிய இளைஞர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அமைப்பாகத் திரண்டவர்களுக்கு இந்தக் கதவு திறக்கும். ஆனால் கதவுக்கு வெளியே வைத்து அடிக்கிறவனை என்ன செய்வது?

அடித்த கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அதிபர் வேட்பாளரைப் பொறுக்கியது நாடாளுமன்ற உறுப்பினர்களின் காக்கஸ். 'ராஜா காக்கஸ்' என்று சனங்கள் கேலி பேசினார்கள். 1824இல் 66 பேர் மட்டும் கூடி நிறுத்திய வில்லியம் கிராஃபோர்டு மூன்றாம் இடத்துக்குப் போனார். ராஜா காக்கஸும் அத்தோடு செத்தது. அடுத்து மாநாடு வந்தது, பிறகு பிரைமரி வந்தது. கறுப்பருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி வைத்ததே சட்டம். அதன் பிரைமரியில் ஜெயித்தவர் பொதுத்தேர்தலில் ஜெயித்த மாதிரி. அந்தப் பிரைமரிக்குள் கறுப்பர் வரக்கூடாது என்று டெக்சாஸ் 1923இல் சட்டமே போட்டது. நீதிமன்றம் அடித்ததும், 'கட்சி என்பது எங்கள் சொந்த மன்றம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்' என்றார்கள். கோயில் எங்கள் சொந்தச் சொத்து என்கிற நம்மூர்க் குரல் கேட்கிறதா? 1944இல் ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் உடைத்தது. வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல்.

அப்போதும் விடவில்லை. டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் 'ஜேபேர்ட் சங்கம்' என்று வெள்ளையருக்கு மட்டுமான ஒரு சங்கம் இருந்தது. பிரைமரிக்கு முன்னாலேயே அது தனக்குள் ஒரு ஓட்டெடுப்பு நடத்தும். அதில் ஜெயித்தவர்தான் பெரும்பாலும் போட்டியில்லாமல் பிரைமரியிலும், பிறகு பொதுத்தேர்தலிலும் ஜெயிப்பார். சட்டப்படி எல்லாச் சாவடியும் கறுப்பருக்குத் திறந்திருக்கும். அவர் உள்ளே போகும்போது முடிவு முன்பே ஆகியிருக்கும். 1953இல்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது.

மிசிசிப்பியில் பிரதிநிதிகளைப் பொறுக்கியது வட்டாரக் கூட்டங்கள்தான். 1964 சூனில் கறுப்பர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போனார்கள். சில இடங்களில் கதவு பூட்டியிருந்தது. சில இடங்களில் அறிவித்த நேரத்தில் கூட்டமே இல்லை. உடனே அவர்கள் 'மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி'யின் பெயரில் எல்லோருக்கும் திறந்த வட்டாரக் கூட்டங்களைத் தாங்களே நடத்தி, படிப்படியாக மாநில மாநாடும் கூட்டி, 68 பேரோடு அட்லாண்டிக் சிட்டி தேசிய மாநாட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், பருத்திக் காட்டுக் குத்தகைக் கூலி. வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். 1963இல் வினோனா சிறையில் ரத்தம் கட்ட அடிக்கப்பட்டவர். மாநாட்டுக் குழுவின் முன் அவர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சியைத் தன் பக்கம் திருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளரைக் கூட்டினார். இரவுச் செய்தியில் ஹேமரின் பேச்சு எப்படியும் ஒளிபரப்பானது. கடைசியில் இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள், அந்த இரண்டு பேர் யார் என்பதையும் அவர்களே முடிவு செய்துகொண்டு. ஹேமரும் தோழர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத் தோற்ற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் பாகுபாடு காட்டும் மாநிலக் குழுவுக்கு இனி இடமில்லை என்று கட்சி விதி வந்தது. 1968இல் பழைய மிசிசிப்பி வெள்ளைக்குழு வெளியே நின்றது. அதே ஆண்டு ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமலே வேட்பாளரானதால் வெடித்த கோபத்தில், மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய குழு விதிகளைத் திருத்தியது: கூட்டத்தின் இடமும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிரைமரிகள் பெருகியது அதற்குப் பிறகுதான். 1988இல் ஜாக்சன் நெருக்கியதால், வாங்கிய ஓட்டு விகிதத்துக்கேற்பப் பிரதிநிதிகள் என்ற முறை ஜனநாயகக் கட்சியில் உறுதியானது. 2020இல் அயோவாக் கணக்கு நாள்கணக்கில் இழுத்து நாறியது. கறுப்பின வாக்காளர் நிறைந்த தெற்குக் கரோலினா 2024இல் முதல் இடத்துக்கு வந்தது. யார் முதலில் பேசுகிறார் என்பதும் அதிகாரம்தான். இதனால் நிறவெறி ஒழிந்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அறையின் பூட்டு உடைந்தது, அவ்வளவே.

இனி நம் கதை. 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்திலும் ஒரு பிரைமரி இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் பேசுகிறோம்? ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் முதலில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைப் பொதுவாக்காளர் தேர்ந்தெடுப்பார்கள். இரட்டை வாக்குரிமையைப் பறித்துக்கொண்டு கொடுத்த துண்டு அது. அதுவும் பத்து ஆண்டுக்கு மட்டும். 1946 தேர்தலில் நம் மக்களின் முதல் ஓட்டில் முந்திய பட்டியல் சாதிக் கூட்டமைப்பினர் பலர் சாதி இந்துக்களின் ஓட்டில் வீழ்ந்தார்கள். அந்தக் கணக்கை 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அம்பேத்கர் எடுத்து வைத்தார். அரசியலமைப்பு வந்தபோது அந்தத் துண்டும் இல்லை. இன்றைக்குத் தனித்தொகுதி வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமையும், ஆதிக்க சாதி மாவட்டச் செயலாளரும்தான். சேரிக்குக் காட்டுவது முடிந்த பட்டியல்.

பஞ்சாயத்தில் இது அப்பட்டமாகவே நடந்தது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் உட்கார முடியவில்லை. ஊர் கூடித் தனக்கு அடங்கிய ஒரு தலித்தை நிறுத்தும், அவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். ஜேபேர்ட் சங்கத்துக்கும் இந்த ஊர்க்கூட்டத்துக்கும் கடல்தான் வித்தியாசம்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சியையும் கொள்கை கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வேட்பாளரைப் பொறுக்கியது யார், எந்த அறையில், எங்கள் ஆள் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள்? பதில் வராவிட்டால் மிசிசிப்பி செய்ததை நாம் செய்யலாம். தேர்தலுக்கு முன்னால் தொகுதியின் சேரி சேரியாகக் கூட்டம் போடுவோம். காட்டுவேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து கஞ்சி குடித்த பிறகு, பெண்கள் வரக்கூடிய நேரத்தில். தாராளமாகப் பேசட்டும், சண்டை போடட்டும். முடிவை மட்டும் கைதூக்கிச் சொல்ல வேண்டாம், சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். வந்த பெயரை ஊரறியச் சொல்வோம். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. 1964இல் அந்த 68 பேருக்கும் சட்டத்தில் மதிப்பில்லைதான்.

இதே கேள்வியை நம் இயக்கங்களிடமும் கேட்டாக வேண்டும். தலைவர் வீட்டு முன்னறையில் முடிவாகும் பட்டியல், அது நம் தலைவரின் முன்னறை என்பதாலேயே சேரியின் பட்டியல் ஆகிவிடாது. அடுத்த தேர்தல் வருமுன் இந்த இதழின் வாசகர் வட்டங்கள் தங்கள் பகுதியில் ஒரு கூட்டமாவது இப்படி நடத்தி எழுதியனுப்புங்கள். நடந்ததை நடந்தபடி வெளியிடுவோம்.