வெறுங்காலும் வெள்ளைச் சப்பாத்தும்

விழா மலர்களிலே கல்லூரியின் மாடங்களையும் மைதானத்தையும், பரீட்சைப் பேறுகளையும், வென்று வந்த கேடயங்களையும் பற்றி எழுதுதல் மரபு. யாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ தரையோடு தரையாகக் கிடப்பது. மாணவன் காலிற் கிடக்கும் சப்பாத்து. அதிலும் துணியாலான மேற்பாகமும் றப்பர் அடியும் உடைய கன்வஸ் சப்பாத்து. வெள்ளை மலரிடையே இப்புழுதி எதற்கு என்று வினவுவார் பொறுத்தருள்க. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அச் சப்பாத்து எத்துணைப் பெரிய பொருள் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை என்பது எம் கருத்து. எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அவர்கள் வருமுன்னரும் நம்மவரிடையே மிதியடியும் பாதக்குறடும் இருந்தன. இராமனின் பாதுகையைப் பரதன் அரியணையில் ஏற்றிய கதையைப் பாலர் வகுப்பிலேயே கற்கின்றோம். ஆயினும், அக்கதையைப் போற்றிய இதே மண்ணிற் செருப்பணிந்து வீதியிற் செல்வதும் தோளிற் சால்வை இடுவதும் சில குடியினருக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒத்த இருக்கையில் அமர்தல் வேண்டும் என்னும் சமாசன விதி 1930 ஆம் ஆண்டை அண்டியே வந்தது. அதற்கெழுந்த எதிர்ப்பும் சிறிதன்று. பின்னர் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. வாங்கும் ஒன்று, பாடமும் ஒன்று, சட்டையும் ஒன்று என்றான பின் பழைய வேற்றுமை எங்கே போய் ஒளிந்துகொண்டது? கணுக்காலுக்குக் கீழே.

ஆடம் ஸ்மித் என்னும் பொருளியலறிஞர் 1776 இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலிலே, மக்களுக்கு இன்றியமையாத பொருள் எது என்று ஆராயுமிடத்துத் தோற்சப்பாத்தை எடுத்துக்காட்டுகின்றார். இங்கிலாந்திலே மானமுள்ள ஏழை, ஆணாயினும் பெண்ணாயினும், சப்பாத்தின்றி நாலுபேர் முன் வர நாணுவர். ஆதலால் ஆங்கு அஃது இன்றியமையாதது. ஸ்கொத்லாந்தில் ஆடவர்க்கு மட்டுமே அவ்வாறு. பிரான்சிலோ இருபாலார்க்கும் அன்று. வழக்கம் எந்தப் பொருளை இல்லாதவனை நாணச் செய்கின்றதோ, அந்தப் பொருளும் உணவைப் போல் இன்றியமையாததே என்பது அவர் கொள்கை. நம் கல்லூரிகளிலோ சப்பாத்து வழக்கம் மட்டுமன்று. எழுதி வைத்த விதி. விதியை எழுதியபோதே அதனை நிறைவேற்ற இயலாதவனுடைய நாணத்தையும் உடன் எழுதிவிட்டோம்.

ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வறிய வீட்டிலே எவ்வாறு வாழ்கின்றது என்பதை ஆசிரியர் பலர் அறிவர். வாங்கும்போதே ஓரளவு பெரிதாக வாங்கப்படும். வளரும் கால் அதனை எட்டும்வரை நுனியிற் கடதாசி திணிக்கப்படும். எட்டிய பின் சில திங்கள் மட்டும் அது பொருந்தியிருக்கும்; பின்னர் விரல் மடங்கும்; மடங்கிய விரலோடு மேலும் ஒரு தவணை கழியும்; அப்பாற் தம்பிக்குப் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் தோய்த்துக் காயவிட்டு, ஞாயிறு இரவிலே வெண்கட்டி பூசப்படும். அவ் வெண்கட்டி வகுப்பறையிலிருந்து வந்ததாகவும் இருத்தல் கூடும். அறிந்தும் அறியாதார் போலிருக்கும் ஆசிரியர்களை யாம் மதிக்கின்றோம். ஐப்பசி கார்த்திகை மாரியில் அடுப்பங்கரையில் வைத்தும் உலராது. ஈரத்தோடு அணிந்து வருவான். அடி பெயர்ந்தால் ஒட்டுவார்கள். ஒட்டு விட்டாற் தைப்பார்கள். தையலும் விட்டால் அப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். வரவு இடாப்பிலும் பெற்றார் கடிதத்திலும் அவ்வாறே எழுதப்படும்.

வாயிலில் நின்று காலைப் பார்க்கும் மாணவத் தலைவனை யாம் குறை கூறவில்லை. அவன் இட்ட பணியைச் செய்பவன். ஆனால் அவன் விரல் சுட்டும்போது வரிசையில் நிற்கும் நூறு பிள்ளைகளின் கண்களும் ஒருவன் காலின்மேல் விழுகின்றன என்பதையும், அவ்வொருவன் மறுநாள் வராதிருப்பதற்குச் சோம்பல் காரணமன்று என்பதையும் அதிபர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

“நாங்கள் வெறுங்காலோடு மூன்று மைல் நடந்து படித்தவர்கள், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இத்துணைச் சொகுசு எதற்கு?” எனக் கேட்கும் பழைய மாணவர்கள் உளர். அவர்களுடைய உழைப்பை வணங்குகின்றோம். ஆயினும், அவர்கள் வெறுங்காலோடு நடந்த காலத்திலே பக்கத்தில் இருந்தவனும் வெறுங்காலனே. நோவு இருந்தது, வெட்கம் இருக்கவில்லை. இவ்வாறு வாதிடுவோர்க்குப் பெருந்துணையாய் நிற்பவர் எதியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா. 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக் போட்டியிலே 26 மைல் மரதன் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடத்திற் சிறிது கூடிய நேரத்தில் முடித்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவது பலருக்கு வசதி. அவர் வெறுங்காலோடு ஓடியது ஆங்குக் கிடைத்த சப்பாத்து அவர் காலுக்குப் பொருந்தாமையால். நான்காண்டின் பின் 1964 இல் தோக்கியோவிலே சப்பாத்தும் காலுறையும் அணிந்தே ஓடினார். முன்னையிலும் மூன்று நிமிடம் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். வறுமையை வீரமாகப் போற்றுகின்றவர்கள் இரண்டாவது ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும்.

உடல்நலத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோல்வழியே உடலிற் புகுந்து குருதியைக் குடிப்பது. அதனை ஒழிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 முதல் இலங்கைத் தோட்டங்களிலே பெருமுயற்சி செய்தனர். தோட்டம் என்றதும் இன்னொன்று மனத்தை உறுத்துகின்றது. 1876 இல் பிறேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அவ்வழி பெருகிய மரங்களில் விடியுமுன் பால் வெட்டும் தொழிலாளருள் நம்மினத்தவரும் பலர். சப்பாத்தின் அடியாக உலகெங்கும் நடப்பது அப்பாலே. வெட்டியவர் பிள்ளையின் காலுக்கு அது திரும்பி வருவதற்கு எத்தனை கடைகளைக் கடக்க வேண்டியிருக்கின்றது!

இனி, வெளிநாட்டுப் பெயர் பொறித்த சப்பாத்துகளுக்கு வருவோம். அமெரிக்கர் இவ்வகைச் சப்பாத்தை ஸ்னீக்கர் என வழங்குவர். றப்பர் அடி ஓசையின்றிப் பதுங்கி நடக்க உதவுவதால் வந்த பெயர். ஆங்கு நைக்கி நிறுவனம் 1985 இல் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டானின் பெயரால் ஒரு சப்பாத்தை வெளியிட்டது. விலை 65 டொலர். அக்காலத்திலே மத்திய அரசு விதித்த ஆகக் குறைந்த கூலி மணிக்கு 3.35 டொலர், தாயொருத்தி அக்கூலிக்கு 19 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தால் ஒரு சோடி. நகரத்து ஏழைச் சிறுவர் அதன்மேற் கொண்ட வேட்கை அடிதடியிலும் கொலையிலும்கூட முடிந்தது. 1990 இல் அந்நாட்டு விளையாட்டு வார இதழொன்று அதனையே அட்டைப்படச் செய்தியாக்கிற்று. சிறுவரின் பேராசை என்று பழித்தவர் பலர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நல்ல வீடும் நல்ல தெருவும் நல்ல பாடசாலையும் கிட்டாத சிறுவனுக்கு, புகழ்பெற்றவனோடு ஒத்து நிற்க எட்டக்கூடியதாக இருந்த ஒரே பொருள் அது. பழியெல்லாம் அவ்வேட்கையை விற்றுப் பொருளீட்டியவர்க்கே உரியது.

ஸ்ரெபன் மார்பரி என்னும் மற்றொரு வீரர் நியூயோர்க்கின் கோணி ஐலண்ட் பகுதியில் ஏழு பிள்ளைகளுள் ஒருவராய் வளர்ந்தவர். 2006 இல் அவர் தம் பெயராலே 14.98 டொலர் விலையில் ஒரு சப்பாத்தை வெளியிட்டு, அதனையே அணிந்து தாமும் பெரும் போட்டிகளில் ஆடினார். விற்ற கடை 2008 இல் வங்குரோத்தாயிற்று. அது வேறு கதை. மலிந்த பொருளை ஏழைக்குக் கொடுத்து விலையுயர்ந்ததைத் தாம் வைத்துக்கொள்ளாமல், தாமும் அதையே அணிந்தார் என்பதுதான் எம் நெஞ்சைக் கவர்ந்தது.

இங்கும் அவ்வேட்கை இல்லாமலில்லை. கல்லூரியில் எல்லோரும் ஒரே நிறம். மாலையில் தனியார் கல்வி நிலையத்துக்குச் சென்றாற் சீருடை இல்லை. கனடாவிலோ இலண்டனிலோ மாமனார் இருப்பவன் காலில் ஒன்று. இல்லாதவன் காலிற் பாட்டாச் செருப்பு. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களை ஒன்று வேண்டுகின்றோம்: விடுமுறைக்கு வரும்போது தம் மருமகனுக்கு வாங்கும் சோடியின் விலையிற் கல்லூரியில் எத்தனை பிள்ளைகளின் காலை மூடலாம் எனக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. மருமகனுக்கு வாங்க வேண்டாம் என்று யாம் கூறவில்லை.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, அவ்வாண்டு புரட்டாதியிற் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியபோது, சப்பாத்து பல வீடுகளின் கணக்கிலிருந்து நீங்கியது. அரசினர் சில ஆண்டுகளாகச் சப்பாத்து வவுச்சர் வழங்கி வந்துள்ளனர், நன்றிக்குரியது. ஆனால் அது பெரும்பாலும் கஷ்டப் பிரதேசப் பாடசாலை, மாணவர் குறைந்த பாடசாலை என்று பாடசாலையை நோக்கிக் கொடுக்கப்பட்டதன்றிப் பிள்ளையின் வீட்டை நோக்கியன்று. குக்கிராமத்துச் சிறு பாடசாலையிற் கற்று ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலிற் சித்தியெய்திப் பெருங் கல்லூரிக்கு வந்தவன், வந்த அன்றே அவ் வரம்புக்கு வெளியே போய்விடுகின்றான். அவனுடைய கெட்டித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை போலும்!

இவ்விடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம். நிரப்பும் முறையிலேதான் எமக்கு அச்சம். மேடை கட்டி, பதாகை தூக்கி, பிரமுகர் கையாற் பெட்டியைக் கொடுத்து, கொடுப்பவர் படக்கருவியைப் பார்த்துச் சிரிக்கப் பெறுபவன் நிலத்தைப் பார்த்து நிற்கும் காட்சியைப் பலவிடத்துக் கண்டுள்ளோம். அப்படங்கள் மலர்களிலும் ஏறிவிடுகின்றன. இம்மலரில் அத்தகையதொன்று இராதிருப்பதாக. சப்பாத்தில்லாதவன் என்னும் பெயரை நீக்குவதற்குக் கொடுத்த சப்பாத்து, தருமச் சப்பாத்துக்காரன் என்னும் பெயரைக் கொடுத்துவிட்டால் அதனை அணிவதிலும் வெறுங்காலே மேல் என்று பிள்ளை எண்ணுவான், அவ்வெண்ணம் பிழையுமன்று.

ஆதலால் ஆறாந்தரத்திற் சேரும் பிள்ளைகள் அனைவருக்கும், வைத்தியர் மகனுக்கும் கூலியாள் மகனுக்கும், பழைய மாணவர் சங்க நிதியிலிருந்து ஒரே கடையின் ஒரே வகைச் சப்பாத்தை வகுப்பறையிலேயே வழங்கலாம். இயன்றவர் வீட்டார் விரும்பினாற் சங்கத்துக்குப் பின்னர் நன்கொடை அனுப்பட்டும். யார் அனுப்பினார், யார் அனுப்பவில்லை என்பதைப் பொருளாளர் ஒருவரே அறிந்தாற் போதும். சப்பாத்தின்றி வந்தவனை வாயிலில் நிறுத்தாது வகுப்பாசிரியரிடம் அனுப்புக. அவர் அலுமாரியில் எல்லா அளவிலும் இரண்டொரு சோடி இருத்தல் வேண்டும். அளவு கேட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்புதல் ஆகாது. ஓரளவு பெரிதாகவே எழுதிவரும். பிள்ளையின் காலைக் கடதாசியில் வைத்துக் கோடிழுத்து அளத்தலே முறை. கால் வளர்வது நிற்காதாகையால், அவ் அளவெடுப்பு முதலாந் தவணையோடு முடியாமல் மூன்றாந் தவணையிலும் ஒருமுறை நடைபெறல் வேண்டும்.