மடக்குக் கத்தியா? முதலில் பூட்டைப் பாருங்கள்!

காடு, மலை என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு கத்தி அவசியம். கயிறு அறுக்க வேண்டும். குச்சி சீவ வேண்டும். பழம் நறுக்க வேண்டும். மடக்குக் கத்தி என்றால் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

ஆனால், கடைக்குப் போனதும் பலர் என்ன செய்கிறார்கள்? பளபளப்பைப் பார்க்கிறார்கள். கூரைத் தடவிப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்டு வாங்கி விடுகிறார்கள். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை.

அதுதான் பூட்டு!

விரலுக்கு ஆபத்து

வீட்டுக் கத்தியின் இரும்பு, பிடிக்குள் அசையாமல் நிற்கும். மடக்குக் கத்தி அப்படி அல்ல. அலகும் பிடியும் ஓர் ஆணியில் சேர்ந்திருக்கின்றன. கத்தி முனையால் மரத்தில் துளை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூட்டு இல்லாவிட்டால் அலகு சட்டென்று மடங்கும். அது மடங்கும் வழியில் இருப்பது உங்கள் விரல்!

கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். விரல் போனால் திரும்பி வருமா?

ஒரு வளையம் செய்த வேலை

பிரான்சு நாட்டில் சவோய் என்ற மலைப் பகுதி உண்டு. அங்கே 1890-ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்ற வாலிபர் ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. அவ்வளவுதான். விலை மலிவான அந்தக் கத்தி உழவர் கைகளில் பரவியது.

1955-இல் அந்தக் கத்தியில் ஓர் இரும்பு வளையம் சேர்த்தார்கள். கத்தியை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. சின்ன வளையம்தான். எத்தனை விரல்களைக் காப்பாற்றியிருக்கும்!

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் கத்தரி, திருப்புளி எல்லாம் உண்டு. ஆனால் சட்டைப் பைக்கு ஏற்ற சாதாரண ரகங்களில் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் மட்டுமே பிடித்து நிறுத்துகிறது. பழம் நறுக்க அது போதும். அழுத்திச் செய்யும் வேலைக்குப் போதாது.

கடையில் சோதிப்பது எப்படி?

கத்தியை விரித்துப் பூட்டுங்கள். அலகை இடமும் வலமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடுத்து, கூர் இல்லாத முதுகுப் பக்கத்தை ஒரு மரக்கட்டையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். அலகு மடங்கும் வழியில் விரல் இருக்கக் கூடாது. பூட்டு விட்டுக் கொடுத்தால் கத்தியைக் கடைக்காரரிடமே கொடுத்து விடுங்கள்.

அலகு 3 முதல் 4 அங்குலம் இருந்தால் போதும். பிடி நான்கு விரலுக்கும் இடம் தர வேண்டும். ஈரக் கையில் வழுக்கக் கூடாது.

கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும். ஆனால் துருப்பிடிக்கும். எலுமிச்சை நறுக்கினால் கறுக்கும். துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். மழைக் காட்டுக்கும் அதுவே நல்லது.

இதை மறக்க வேண்டாம்

எவ்வளவு நல்ல பூட்டானாலும் மடக்குக் கத்தி அரிவாள் ஆகாது. அதன் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளந்தால் ஆணி தளரும். விறகுக்கு அரிவாள்; சீவுவதற்குக் கத்தி.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றே சொல்கிறது. எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆகவே வனத்துறையிடம் முன்பே கேளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கத்தி கேட்டால், கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி விடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். உடம்பை விட்டு வெளிப்புறமாகச் சீவ வேண்டும். விரித்த கத்தியோடு நடக்கக் கூடாது. மடக்கும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் பழகிய பிறகு கத்தி பிள்ளையிடம் இருக்கலாம்.

பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பூட்டில்லாத கத்தியை வாங்குவது சிக்கனம் அல்ல. வைத்தியச் செலவு அதைவிட அதிகம்!