பிட்ச் போடுகிறவர் யார்?

2021 அகமதாபாத் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. இங்கிலாந்து 112, 81. பார்ட் டைமாகப் பந்து போடுகிற ஜோ ரூட்டுக்கு 8 ரன்னில் 5 விக்கெட்! (ஜெயித்தது நாம்தான். அதனால் அது நல்ல பிட்ச் ஆகிவிடுமா?) ஐ.சி.சி. போட்ட மார்க்: சராசரி.

2023-ல் இந்தூர் பிட்ச்சை ‘மோசம்’ என்றார்கள். பி.சி.சி.ஐ. அப்பீல் செய்தது, ஒரு படி ஏற்றிவிட்டார்கள். ஏற்றாமல் என்ன செய்வார்கள்? ஐ.சி.சி.யின் கல்லாவில் விழுவதில் பெரும்பகுதி இந்திய டி.வி. உரிமைப் பணம். பெரிய கிளையன்ட்டிடம் ஆடிட்டர் முறைத்துக்கொள்வாரா?

இங்கே பிட்ச் போடுவதும் வாரியம், மேட்ச்சைப் படம் பிடித்துத் தருவதும் வாரியம். கமென்ட்ரியில் யார் வாய் திறப்பார்?

2002-லேயே டெஸ்ட்டுக்கு இரண்டு அம்பயரையும் வெளிநாட்டுக்காரராக்கினார்கள். க்யூரேட்டரை மட்டும் ஏன் உள்ளூர்க்காரராகவே விட்டுவைத்திருக்கிறார்கள்?