போனக்காட்டுப் பிள்ளைகளும் படை மருத்துவமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில், விதுராவுக்கும் அப்பால் மலையேறிச் செல்லும் பாதையின் முடிவில் இருக்கும் போனக்காடு தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்குள்ள பாழடைந்த பங்களாவின் பேய்க்கதையைத்தான் எழுதுகிறார்கள். தேயிலை ஆலை ஓய்ந்து, கூலி ஆண்டுக்கணக்கில் நிலுவையாகிவிட்ட பின்னரும் ஒழுகும் லயங்களிலேயே காலந்தள்ளிய தமிழ்க் குடும்பங்களின் கதையை யாரும் அத்தனை ஆவலுடன் கேட்பதில்லை. அத்தகைய லயத்தில் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பெண்ணொருத்தி டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டால், தனியார் கல்லூரிக் கட்டணத்தைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவதே நம்மவர் வழக்கம்.

ஆனால் தகப்பனுடைய பணத்தைக் கேட்காத வாசல் ஒன்று உண்டு. புனேயில் 1948-ல் நிறுவப்பெற்று, சீன யுத்தம் மூண்ட அதே 1962-ல் இளநிலை வகுப்புகளைத் தொடங்கிய ராணுவ மருத்துவக் கல்லூரி, கல்விக் கட்டணமின்றி டாக்டர்களை உருவாக்கி வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 இடங்களே உள்ள அங்கே பெண்களுக்கு 30 இடங்கள்தான் என்பது, என் அபிப்பிராயத்தில், இக்காலத்துக்குச் சற்றும் பொருந்தாத சிக்கனம்.

இதை இலவசப் படிப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்புவது மட்டும் பெரும் பிழை. குறைந்தது ஏழாண்டுகள் படையில் பணியாற்றுவதாக எழுதிக் கொடுத்தே மாணவர் உள்ளே செல்ல வேண்டும்; பனிமலையானாலும் பாலைவனமானாலும் அனுப்பிய இடத்துக்குப் போகவேண்டும். அந்த உத்தியோகம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், மதராஸில் வைத்தியம் பயின்ற லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜின் சரித்திரத்தைப் படிக்கட்டும். 1950-ன் இறுதியில் கொரியாவின் பியோங்யாங் நகரை ஐ.நா. படைகள் அவசரமாகக் காலிசெய்தபோது, அவருடைய 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவினர் தங்கள் உபகரணங்களைக் கைவிட்டு ஓட மனமின்றி, பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, தாங்களே அதற்கு நெருப்பூட்டி, மூட்டை முடிச்சுகளுடன் தெற்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் படையினரோடு பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார்கள். மகாவீர் சக்கரம் பெற்ற அந்த மனிதர், ஓய்வுக்குப் பின் பெரியம்மை ஒழிப்பிலும் உழைத்தார். அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாத தொழில் அது.

புனேயில் இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பெண்களுக்கு ராணுவ நர்சிங் கல்லூரிகளில் பி.எஸ்.சி. நர்சிங் படிப்பு உண்டு. தேறியபின் அதிகாரி அந்தஸ்தே கிடைக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் படித்த பையன்கள், உடற்தகுதியும் இருந்தால், நர்சிங் அசிஸ்டன்ட் ஆகலாம். லயத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இவையே. இவற்றைத் தாழ்வென்று நினைப்பவர்கள் ராணுவ ஆஸ்பத்திரியின் வார்டு ஒன்றை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

தடை எங்கே இருக்கிறதென்றால், நீட் தேர்வைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிவிடலாமாயினும், புனேயில் அதற்கு மேல் ஆங்கில அறிவையும் தர்க்கத்தையும் சோதிக்கும் பரீட்சையும் நேர்காணலும் காத்திருக்கின்றன. படை அதிகாரிக்கு ஆங்கிலம் தேவை என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதை நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் சரக்காக வைத்திருப்பதில்தான் ஆட்சேபம். ஆகவே விதுரா வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும், திருவனந்தபுரத்திலேயே ஓய்வுபெற்று வாழும் ராணுவ டாக்டர்களுக்கும், நர்ஸ்களுக்கும் என் விண்ணப்பம் இது: பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே இப்பிள்ளைகளை அழைத்து, இந்த வாசல்களையும் அவற்றின் நிபந்தனைகளையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள், வாரத்தில் ஒரு நாளேனும் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்.