பூநாரை இருக்கட்டும், பூனையை எடுங்கள்

ஓய்வு பெற்றவர் கைக்கு ஒரு நல்ல கேமரா வந்துவிட்டால் முதல் மூன்று மாதம் என்னென்ன எடுப்பார் என்று நான் ஜோசியம் போலச் சொல்லிவிடுவேன். திருவள்ளூர்க்காரர் என்றால் வீரராகவப் பெருமாள் கோயில் கோபுரமும் குளமும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் என்றால் பழவேற்காட்டுக் கடற்கரையில் சூரிய உதயம். மார்கழி, தை வந்துவிட்டால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒன்றாகக் கிளம்பிப் போய்ப் பூநாரை. எல்லாம் அழகான படங்கள்தான். என்ன, போன வருடம் இன்னொருவர் அனுப்பிய படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லுங்கள் என்றால் அவருக்கே தெரியாது.

என் கட்சி வேறு. படம் எடுக்கப் பழகும் அறுபது வயதுக்காரருக்குப் பூனையைவிட நல்ல பாடம் கிடையாது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பூனையையா? அதைப் பேரப்பிள்ளைகள் மொபைலில் எடுத்துக்கொள்ளட்டும், நீர் போய் பழவேற்காட்டில் நில்லும்" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழவேற்காட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆந்திராவும் தமிழ்நாடும் பங்கு போட்டுக்கொள்ளும் இந்த ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. நம் பக்கத்துப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரை சாப்பிடும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டு, வடிகட்டி வடிகட்டித்தான் அதற்கு வயிறு நிறைய வேண்டும். நாள் முழுக்க நடக்கும் வேலை அது. நாம் போய் படகுக்காரரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா" என்கிறோம். கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தால்தானே இறக்கையின் சிவப்பு தெரியும்! பறந்தது நமக்குப் படம். அந்தப் பறவைக்கு அந்த வேளைச் சாப்பாடு போச்சு. நமக்குப் பின்னால் இன்னும் நான்கு படகு இதே எண்ணத்தோடு வருகிறது.

பூனையிடம் இந்தப் பாவமெல்லாம் கிடையாது. பிடிக்காவிட்டால் அது எழுந்து போய்விடும், அவ்வளவுதான். அதன் மரியாதையும் குறையாது, நம் மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை. பெட்ரோல் செலவில்லை, படகு வாடகையில்லை, மூவாயிரம் படி ஏறவும் வேண்டாம். மூட்டு வலிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் நான் சிபாரிசு செய்யவில்லை. எளிதாகக் கிடைப்பதை நாம் யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். கல்யாணம், காது குத்து, சதாபிஷேகம், திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு நின்றது. எல்லோரும் வரிசையாக நின்று கேமராவையே முறைத்துக்கொண்டிருப்போம். அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆக்ஃபா க்ளிக் கேமராவில் ஒரு பிலிமுக்கு 12 படம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளை வாங்கி மாட்டிவிட்டு, பொங்கலுக்கு நான்கு, தீபாவளிக்கு நான்கு என்று எண்ணி எண்ணி எடுத்த காலம். கழுவிப் பிரதி போடும் காசு தனி. அதில் பூனைக்கு ஒன்று என்று யாராவது செலவழிப்பார்களா?

எங்கள் வீட்டில் அப்படி எடுத்த ஒரு படம் இருக்கிறது. 1970களில் என் தங்கை புதுப் பாவாடை கட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நிற்கிற படம். ஓரத்தில் ஒரு பூனை குறுக்கே ஓடிப் பாதி கலங்கலாக விழுந்திருக்கிறது. "படம் கெட்டுப்போச்சு" என்று அன்று எல்லோரும் திட்டினார்கள். இன்று அந்தப் படத்தை எடுத்தால் தங்கையைப் பார்ப்பதற்கு முன் எல்லோரும் பூனையைப் பார்க்கிறார்கள். பூனை ஓடிய வழியே கண் போகிறது. அங்கே துவைக்கிற கல், கிணற்றுக் கட்டை, அம்மா வைத்திருந்த பித்தளை அண்டா, ஓட்டுச் சரிவின் நுனி. அந்தக் கொல்லைப்புறத்துக்கு வேறு சாட்சியே கிடையாது. வீட்டை இடித்துக் கட்டிவிட்டோம். கிணற்றையும் மூடியாயிற்று.

இதுதான் விஷயம். பூனை எங்கே இருக்கும்? விசேஷத்துக்காக நாம் அலங்கரித்து வைத்த இடத்தில் இருக்காது. திண்ணையில், மதிலில், அரிசி மண்டி மூட்டை மேல், அடுப்பங்கரை வாசலில், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட்டில் இருக்கும். நாம் தினமும் புழங்கி, ஒருநாளும் படம் எடுக்காத இடங்கள் அவை. பூனையைத் தேடிக்கொண்டு போனால் ஊர் தானாக வந்து படத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

துருக்கியில் இஸ்தான்புல் நகரத்துத் தெருப் பூனைகளைப் பற்றி 'கேடி' என்று ஒரு ஆவணப்படம் 2016இல் வந்தது. கேடி என்றால் துருக்கி மொழியில் பூனை, நம் ஊர்க் கேடி இல்லை! பூனைகளைப் பற்றிய படம் என்று உட்கார்ந்தால், மீன் விற்கிறவர், ரொட்டிக் கடைக்காரர், இடிபடக் காத்திருக்கும் பழைய தெரு என்று ஒரு நகரத்தையே பார்த்துவிட்டு எழுந்திருப்போம். கும்மிடிப்பூண்டிக்கு அப்படி ஒரு படம் யார் எடுப்பார்கள்? நாம்தான் எடுக்க வேண்டும்.

சிப்காட் பக்கம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். பெஞ்சுக்குக் கீழே கட்டாயம் ஒரு பூனை இருக்கும். நம் ஊர்க்காரர் "மியாவ்" என்று கூப்பிட்டுப் பன் பிய்த்துப் போடுகிறார். பக்கத்தில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் "பில்லி, பில்லி" என்கிறான். இரண்டு பேரிடமும் அது போகிறது. நமக்கு இத்தனை வருடமாக வராத இந்தி அதற்கு வந்துவிட்டது. உருட்டாலைக் கரி படிந்த கை, கண்ணாடி டம்ளர், அந்தக் கையை முகர்ந்து பார்க்கும் பூனை. இந்தத் தொழிற்பேட்டை எப்படி இருந்தது என்று ஐம்பது வருடம் கழித்து யாராவது கேட்டால், கம்பெனி வாசல் பெயர்ப் பலகையைவிட இந்தப் படம் அதிகம் சொல்லும்.

பழவேற்காட்டிலும் அப்படித்தான். படகுகள் வந்து மீன் இறங்குகிற இடத்தில், அரிவாள்மனை முன் உட்கார்ந்து மீன் ஆய்கிற பெண்களைச் சுற்றி எத்தனை பூனைகள்! ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு முறை. இன்னொன்றின் பங்கில் வாய் வைத்தால் அறை விழும். ஏரியை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களின் காலை நேரம் முழுதும் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டுதான் நாம் பூநாரைக்குப் படகு பிடிக்க ஓடுகிறோம்.

"பூனைப் படம் இன்டர்நெட்டில் கோடிக்கணக்கில் கிடக்கிறதே, நீங்களும் ஒன்று எடுத்து என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கோடியில் பெரும்பாலானது முகம் மட்டும். மூக்கும் மீசையும் சட்டம் நிறைய இருக்கும். அது சென்னையா சிகாகோவா என்று தெரியாது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டடி பின்னால் வாருங்கள். பூனை படத்தில் கால் பங்கு இருந்தால் போதும். மீதி முக்கால் பங்கில் நம் ஊர் இருக்கட்டும்.

பெரிய கைகளும் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் படித்தவர்கள்தான். வால்டர் சாண்டோஹா என்ற அமெரிக்கர் 1949இல் நியூயார்க் பனியில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்து வளர்த்தார். அதைப் படம் எடுக்க ஆரம்பித்தவர், 2019இல் இறப்பதற்குள் சுமார் 90,000 பூனைப் படங்கள் எடுத்துவிட்டார். நம்மிடையே வாழ்ந்த மா. கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய ஒரு கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவர் எழுதிய பத்தியில் யானைக்கு இருந்த மரியாதை காக்கைக்கும் அணிலுக்கும் பல்லிக்கும் இருந்தது. தூரத்தில் இருப்பதுதான் உசத்தி என்று அவர் நினைக்கவில்லை.

சரி, எடுப்பது எப்படி? அனுபவத்தில் கண்ட நாலு விஷயம் சொல்கிறேன்.

நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்தால் பூனை கால்மிதி மாதிரி விழும். அதன் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நம் முழங்கால் சம்மதிக்காது என்பது தெரிந்ததே. மொபைலைத் தலைகீழாகப் பிடித்துத் தரையோடு தாழ்த்துங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், நாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கலாம்.

கறுப்புப் பூனை படத்தில் சாம்பல் பூனையாகிவிடும். எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் புத்தி. மொபைலில் பூனை மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளைப் பூனைக்குக் கொஞ்சம் மேலே. சகுனம் பார்க்கிறவர்கள் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையோடு ஆரம்பிக்கலாம்!

உச்சி வெயிலில் பூனையின் கண்மணி கோடாகச் சுருங்கிவிடும். காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி வெளிச்சத்தில்தான் கண் விரியும், முகத்துக்குக் களை வரும். இருட்டில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், இரண்டு பச்சைக் கோலிக்குண்டுதான் படத்தில் மிஞ்சும்.

பூனையை எதுவும் செய்ய வைக்காதீர்கள். 1948இல் ஓவியர் டாலியைக் குதிக்கவிட்டு, மூன்று பூனைகளைத் தூக்கி எறிந்து, வாளித் தண்ணீரை வீசி, பிலிப் ஹால்ஸ்மன் ஒரு படம் எடுத்தார். சரியாக வருவதற்கு 28 தடவை ஆயிற்று. அதாவது 28 தடவை அந்தப் பூனைகள் பறந்தன. உலகப் புகழ் பெற்ற படம்தான், ஆனால் நமக்கு அது வேண்டாம். இப்போது வெள்ளரிக்காயைப் பின்னால் வைத்துப் பூனையைத் துள்ள வைத்து ரீல்ஸ் போடுகிறார்களே, அதுவும் அந்த வழிதான். பூநாரையை எழுப்பிப் பறக்கவிடுவதும் அந்த வழிதான். காத்திருக்கத் தெரியாதவன்தான் கலைத்துப் பார்ப்பான். வேலையில் இருந்தபோது நமக்கு நேரம் இல்லை. இப்போது அது ஒன்றுதானே தாராளமாக இருக்கிறது?

காத்திருந்தால் என்னென்ன கிடைக்கும் தெரியுமா? தாய்ப்பூனை குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் காட்சி ஒன்று போதும். வைணவப் பெரியவர்கள் மார்ஜார நியாயம் என்று பக்கம் பக்கமாக விளக்கியது அதைத்தானே? குரங்குக்குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் பிடித்துக்கொள்ளும். மாலையில் வேலியோரம் வருகிற வெருகைக் கண்டு கோழி தன் குஞ்சுகளைக் கூப்பிடுவது குறுந்தொகையிலேயே இருக்கிறது. அதை எழுதியவரும் வேலிப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு மதில் மேல் பூனை என்றால் முதலில் அந்த வீட்டில் சொல்லிவிடுங்கள். அறுபத்தைந்து வயதில் அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கி லென்ஸ் நீட்டினால் ஊர் வேறு மாதிரி பேசும். மீன் ஆய்கிற அம்மாவானாலும் டீக்கடைப் பையனானாலும் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கூப்பிட்டாலும் படத்தைக் காட்டினால் போதும், பெரும்பாலும் அவரே உள்ளே இருக்கும் பூனைக் கதை நாலு சொல்வார்.

எடுத்த படத்தில் நல்லதாகப் பத்தைப் பொறுக்கி, வருடத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி போட்டுவிடுங்கள். பின்பக்கம் தேதி, தெரு, யார் வீட்டுத் திண்ணை என்று பேனாவால் எழுதுங்கள். போனில் இருக்கும் ஐயாயிரம் படம் போனோடு போகும். எழுதி வைத்த பத்துப் படம் பீரோவில் இருக்கும்.

வருகிற தை மாதம் பழவேற்காட்டுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூநாரைகளைக் கரையில் நின்று கண் நிறையப் பாருங்கள், அவை பாட்டுக்குச் சாப்பிடட்டும். கேமராவை மட்டும் மீன் இறங்குகிற பக்கம் திருப்புங்கள். அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் உங்களைப் பார்த்து ஓடமாட்டார். அவருக்கு அங்கே முக்கியமான வேலை இருக்கிறது.